தள்ளிவிட்ட பிளசர்

அத்தியாயம் 14

"பிளசர் விலைக்கு இருக்கு" என்று காசிலிங்கம் அண்ணாச்சி முடிவெட்டும் கடையில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு சொன்னார். நுரை காய்வதற்குள் அந்தச் சேதி தருவைகுளம் போய்ச் சேர்ந்தது. கத்தி தாடைக்கு வருமுன் அங்கிருந்து திரும்பி வந்து, "என்ன விலையாம்?" என்று கேட்டது.

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது.

ஊரில் எந்தக் காரையும் பிளசர் என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் "அந்தப் பிளசர்" என்றால் ஒன்றே ஒன்றுதான். உலகச் சண்டைக்கு வெகு முன்பு கப்பலில் வந்து இறங்கிய அமெரிக்க ப்யூக். அதன் முன் சக்கரம் தெருமுனை திரும்பும்போது பின் சக்கரம் இன்னும் வீட்டில் விடைபெற்றுக்கொண்டிருக்கும். விளக்கு ஒவ்வொன்றும் நெல் அவிக்கிற அண்டா. ஹாரனை அமுக்கினால் கொற்கையில் மண்ணுக்குள் கிடக்கிற பாண்டியன் புரண்டு படுப்பான். ஏழு பேர் உட்காரலாம் என்று செய்தவன் சொன்னான். பதினேழு பேர் ஏறித் திருச்செந்தூர் போனார்கள். அதில் இரண்டு பேர் உள்ளே இருப்பதே ஆறுமுகநேரி தாண்டித்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

இந்த மலையைத் தங்கைக்குக் கொடுத்தவன் மந்திரமூர்த்தி. காசிலிங்கத்தின் மனைவி பகவதிக்கு உடன்பிறந்தவன். கொழும்பில் கடை வைத்தவன். கொடுத்த கை இந்த வீட்டுப் படி ஏறிப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது என்பது தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். அன்றைக்குக் காசிலிங்கத்தின் மகள் சந்தனமாரிக்குக் காதுகுத்து. மாமன் ரயிலில் வந்து இறங்குகிறான். அவனை அழைக்கப் போக வேண்டிய பிளசரை, உப்பு இலாகா துரையை அழைத்துவரக் காசிலிங்கம் அனுப்பிவிட்டார். மந்திரமூர்த்தி குதிரை வண்டியில் வாசலுக்கு வந்தான். இறங்கவில்லை. கம்மலைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு, "நான் குடுத்த பிளசர் என்னை ஏத்திட்டு வந்தா இந்த வாசல்ல கால் வைப்பேன். இல்லேன்னா இல்ல" என்று சொல்லி, அதே வண்டியில் திரும்பிப் போனான்.

அந்தப் பிளசரைத்தான் இப்போது விற்கப் போகிறார்கள். பெட்ரோல் கூப்பனுக்கு நாயாய் அலைய வேண்டியிருக்கிறது; சண்டை முடிந்து வருஷம் ஒன்றாகியும் டயர் கிடைக்கவில்லை; மகன் ராஜதுரைக்கு உப்பு ஏற்ற லாரி வேண்டுமாம். காசிலிங்கத்துக்கும் மனசு முழுதாக இல்லை. வந்தவர்களில் ஒருவர் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார் என்பதற்காக அவருக்கு இல்லை என்றார். இன்னொருவர் உள்ளே ஏறும்போது செருப்பைக் கழற்றவில்லை என்பதற்காக அவருக்கும் இல்லை.

கடைசியாக வந்தவர் விக்டர் பர்னாந்து. முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகு தோணித் தொழிலில் இறங்கிய கடற்கரைத் தெருக்காரர். அவருடைய தோணிகளை வரிசையாக நிறுத்தினால் கால் நனையாமல் கொழும்புக்கு நடந்து போகலாம். மகளுக்குக் கலியாணம் என்று பிளசர் கேட்டார். செருப்பைக் கழற்றினார், டயரைத் தடவிக் கொடுத்தார். விலையும் படிந்துவிட்டது. "நானோ என் மகனோ வந்து சரின்னு சொன்னா வண்டி உங்களுக்கு" என்று காசிலிங்கம் சொல்லி அனுப்பியதோடு போன வாரம் முடிந்தது.

பகவதி இந்த மூன்று வாரமாகப் புருஷனோடு நேரடியாகப் பேசுவதில்லை. எல்லாம் சந்தனமாரி வழியாகத்தான்.

புதன்கிழமை காலையில், கப்பல் ஏஜென்ட் ஆபீசு குமாஸ்தா ஜீவமணி வாசலில் வந்து நின்றார். சாயர்புரத்துக்காரர். அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கும் ஓடித்தான் வந்திருந்தார்.

"அண்ணாச்சி, உங்க மச்சான் வாராரு."

"எந்த மச்சான்?"

"உங்களுக்கு எத்தன மச்சான்? கொழும்பு மச்சான். விடியக்கருக்கல்ல வந்த தோணிய ஓட்டுன தண்டல் சொன்னாரு. பின்னால வார தோணியில உங்க மச்சான் இருக்காராம். காத்து இப்பிடியே அடிச்சா பொழுது சாய எறங்கிருவாரு."

காசிலிங்கம் கையில் இருந்த வேப்பங்குச்சி இரண்டாக ஒடிந்தது. ஜீவமணி வந்தபடியே ஓடிப்போனார்.

"ஏளா சந்தனமாரி, உங்கம்மாட்ட சொல்லு. மந்திரமூர்த்தி வாரானாம்."

அடுப்படியில் இருந்த பகவதிக்கு ஜீவமணியின் முதல் சொல்லே கேட்டுவிட்டது. அகப்பை கையில் அப்படியே நின்றிருந்தாள்.

"உங்க அய்யாட்ட கேளு, எதுல போய்க் கூட்டிட்டு வரப் போறாவன்னு."

"பிளசர்லதான்னு சொல்லு."

"விலைக்குன்னு ஊருக்கே சொன்ன பிளசர்லயான்னு கேளு."

"விலையும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொல்லு. அது எங்கயும் போகாதுன்னு சொல்லு."

இருவருக்கும் நடுவே கழுத்தைத் திருப்பித் திருப்பி வலியெடுத்துப்போன சந்தனமாரி, "ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்லா. பெறவு நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

பகவதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி முந்தானையால் துடைத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் தாய் செத்ததற்குக்கூட அண்ணனும் தங்கையும் வேறு வேறு ஊரில் அழுதார்கள். இன்றைக்கும் தப்பினால் இனி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பிறகு பெட்டியில் மடித்து வைத்திருந்த கண்டாங்கிச் சேலையை எடுத்தாள்.

காசிலிங்கம் கொட்டகைக்கு ஓடினார். அன்றைக்கு அவருடைய உப்பளத்தில் லோடு ஏற்றுகிற நாள், போகாமல் தீராது. கொட்டகையில் பிளசருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ராஜதுரை. விடிந்ததிலிருந்து அங்கேயே கிடந்தவனுக்கு ஜீவமணி வந்ததும் தெரியாது, மாமா வருவதும் தெரியாது. வீடே அதிர்ந்த சேதி மகன் காதில் மட்டும் விழாமல் இருக்குமா என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

பிளசரின் பேட்டரி ஒரு வாரமாகச் செத்துக் கிடந்தது. தெருவில் இறக்கித் தள்ளிவிட்டால்தான் இன்ஜின் பிடிக்கும். அதைத்தான் அவர் சொன்னார்.

"ஏலே, பிளசர இன்னைக்கு எப்பிடியாவது தள்ளிவிட்டிரு."

அடியில் இருந்த கால்கள் ஆடாமல் நின்றன. அப்பாவிடமிருந்து இந்தச் சொல்லைக் கேட்க மூன்று வாரமாகக் காதைத் தீட்டி வைத்திருந்தவன் அவன். பழைய மாட்டை, பழைய தோணியை, பழைய பிளசரைக் கைமாற்றி ஒழிப்பதற்கு நம் பக்கத்தில் வேறு என்ன சொல் இருக்கிறது?

"நெசமாத்தான் சொல்லுதியளா அய்யா?"

"பின்ன வெளையாடுதனாக்கும். பொழுது சாயுறதுக்குள்ள ஆவணும். ஆளு இருக்கால?"

"ஒரு ஆளு தயாரா இருக்காரு அய்யா."

"ஒருத்தன் எப்பிடிலே பத்தும்?"

"அவரே போதும். வெயிட்டான ஆளு."

"வெயிட்டான ஆளுன்னா சரி. அடி படாமப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, காசிலிங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார்.

அப்பன் ஒரு தள்ளலைச் சொன்னார். மகன் வேறு ஒரு தள்ளலைக் கேட்டான்.

ராஜதுரை கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல் கடற்கரைத் தெருவுக்கு ஓடினான். சற்று நேரத்தில் விக்டர் பர்னாந்து தன் தோணி ஆட்களோடு வந்தார். புயலில் பாய்மரத்தைப் பிடுங்கிப் பல் குத்துகிற ஆட்கள் அவர்கள். "ஏலேலோ ஐலசா" என்று ஒரே தள்ளு. பிளசர் தெருவில் இறங்கி, இருமி, கனைத்து, பிடித்துக்கொண்டது.

அடுப்படியில் இருந்த பகவதிக்குச் சத்தம் கேட்டது. அண்ணனுக்குப் பிடித்த சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, பிளசர் கெளம்பிட்டு" என்றாள் சந்தனமாரி.

"ஓட்டிப் பாக்கான் போல. நல்லா ஓட்டிப் பாக்கட்டும். பாதியில நின்னு மானத்த வாங்கிரப்படாது."

தேங்காய்த் துருவல் வழக்கத்தைவிட வெள்ளையாக இருந்ததாக அவளுக்குத் தோன்றியது.

மத்தியானம் காசிலிங்கம் உப்பளத்திலிருந்து திரும்பி வாசலுக்கு வரும்போதே ராஜதுரையும் நடந்து வந்துகொண்டிருந்தான். கையில் ஒரு காகிதப் பொட்டலம் நிறைய முந்திரி மக்ரூன். வாயில் ஒன்று.

"என்னலே, தள்ளுனியா?"

"தள்ளிட்டேன் அய்யா."

"லேசாத் தள்ளுச்சா?"

"நான் எங்க தள்ள. அவரே ஆளோட வந்து தள்ளிட்டுப் போயிட்டாரு."

"போயிட்டாரா? சரி, வண்டி எங்க நிக்கி?"

"கடக்கரத் தெருவுல. விக்டர் அண்ணாச்சி வீட்டு முன்னால."

"அங்க எதுக்குலே தள்ளுனிய?"

"வாங்குனவரு வீட்டுலதான அய்யா நிக்கும்." ராஜதுரை பொட்டலத்தை நீட்டினான். "அந்த வீட்டு மதினி குடுத்து விட்டாவ. சாப்பிடுங்க."

காசிலிங்கம் பொட்டலத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவர் தலையில் இருந்து எழும்பிய ஆவியில் பக்கத்து வீட்டு வடகம் காய்ந்துவிட்டது என்பார்கள்.

"ஏலே, நான் என்ன சொன்னேன்?"

"தள்ளிவிட்டிருன்னு சொன்னிய."

"பேட்டரி செத்த வண்டியத் தள்ளிவிடச் சொன்னா, குடும்பத்தையே தள்ளிவிட்டுட்டு வந்து நிக்கியலே."

ராஜதுரை மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினான். அப்போதுதான் அவனுக்கு மாமா வருவது சொல்லப்பட்டது. யார் சொன்னது என்றால், கதவருகில் கண்டாங்கிச் சேலையோடு நின்ற பகவதி. அவள் நான்கே சொல் சொன்னாள். "உங்க மாமா வாரான், ராஜதுரை."

மூன்று பேரும் வெயிலில் அப்படியே நின்றார்கள்.

"நான் போய்க் கேக்க முடியாது" என்றார் காசிலிங்கம், யாரிடமும் இல்லாமல். "எம் மகன் சொன்னா நான் சொன்ன மாதிரின்னு அந்த மனுசன்ட்ட சொன்ன வாய் இது. கலியாண வீட்டுல போயி, நேத்துச் சொன்னது இன்னைக்கு இல்லன்னு சொன்னா, நாளைக்கு இந்தக் கடக்கரையில ஒரு சாக்கு உப்பு நம்மகிட்ட யாரும் வாங்குவானா?"

"நீங்க போக வேண்டாம்" என்றாள் பகவதி.

மூன்று வாரத்தில் புருஷனிடம் அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. காசிலிங்கத்துக்கு அவள் திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது.

"ஏலே, வா" என்று மகனைக் கூப்பிட்டாள். காலில் செருப்பில்லாமல் தெருவில் இறங்கினாள்.

விக்டர் வீட்டுப் பந்தல், தெருவின் இந்தக் கோடியில் ஆரம்பித்து அந்தக் கோடியில் முடிந்தது. நடுவில் நின்றது பிளசர். மூன்றே மணி நேரத்தில் அதற்கு வேறு ஜென்மம் வந்திருந்தது. உடம்பெல்லாம் காகிதப் பூ. முன் கண்ணாடிக்கு உள்ளே மாதா படம். அதன் மேல் ஒரு செபமாலை தொங்கியது.

பகவதி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். விக்டர் கேட்டுக்கொண்டே வந்து, "தள்ளிவிட்டிரு" என்ற இடத்தில் சிரித்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"தங்கச்சி, இது காலையில சொல்லியிருந்தா ஆகியிருக்கும். இப்ப கோயில் சாமியார் வந்து மந்திரிச்சுட்டுப் போயிட்டாரு. பேரும் வச்சாச்சு. சூசை."

"இருக்கட்டும் அண்ணாச்சி. நான் திருப்பிக் கேக்கல. சூசையவே ஒரு பொழுதுக்கு அனுப்புங்க. துறைமுகத்துக்குப் போய் எங்க வீடு வர."

விக்டர் தலையைச் சொறிந்தார். அதற்குள் அவர் மனைவி பிலோமி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அது எப்பிடி ஆகும்? கலியாணப் பொண்ணு ஏறுமுன்ன வேற ஒரு தலை உள்ள போகப்படாது. நாளைக்குக் கோயில்ல எறங்கும்போது ஒரு குத்தம் வந்தா யாரு பதில் சொல்ல?"

"நீங்க சொல்லுததும் சரிதான் மதினி" என்றாள் பகவதி. ஆனால் போகவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஜதுரை தரையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். பூமி பிளந்தால் முதலில் இறங்கத் தயாராக இருந்தான். மேற்கே வெயில் சரியத் தொடங்கிவிட்டது.

வீட்டுக்குள்ளிருந்து மணப்பெண் பிளாரன்ஸ் வந்தாள். எண்ணெய் வைத்த தலை, கையில் பாதி மருதாணி. யாரையும் பார்க்காமல் நேரே பிளசரிடம் போனாள். பின்கதவைத் திறந்தாள். ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். ஒரு மூச்சு விட்டாள். திறந்து இறங்கினாள்.

"பொண்ணு ஏறியாச்சு. இனி யாரு ஏறுனா என்ன?"

"ஏளா, ஒனக்குக் கிறுக்கா?" என்றாள் பிலோமி.

"எம்மா, நம்ம வளன் அண்ணன் சிங்கப்பூர்லேருந்து இன்னைக்கு வாரான்னு ஒருத்தர் வந்து சொன்னா, நீ எந்த வீட்டு வண்டியயும் கேப்பியா மாட்டியா?"

வளன், விக்டரின் மூத்த மகன். சண்டையில் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டவன். உயிரோடு இருக்கிறானா என்று இதுவரை யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் அவன் பெயரைச் சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது.

பிலோமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். விக்டர் வெகுநேரம் கடலைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"படத்தையும் செபமாலையும் கழட்டப்படாது. வேற ஒருத்தன் கையில குடுக்கவும் மாட்டேன். நான்தான் ஓட்டுவேன். ஏறு தங்கச்சி."

தோணி பாய் இறக்கியபோது கடலும் வானமும் ஒரே சிவப்பு. அன்றைய சிவப்பில் துணி நனைத்திருந்தால் ஊருக்கே பட்டுச் சேலை எடுத்திருக்கலாம்.

மந்திரமூர்த்தி தோணியிலிருந்து கரையில் இறங்கினான். கொழும்புக் கோட்டு தோளில் தொங்கியது; கோட்டுக்குள் ஆள் குறைந்து போயிருந்தான். தங்கையை ஒரு தடவை பார்த்தான். பார்வையை விலக்கிக்கொண்டு அவளைத் தாண்டி நடந்தான். பிளசரின் மட்கார்டில் கை வைத்தான்.

"வந்துட்டியா கெழவி" என்றான், வண்டியிடம்.

பிறகுதான், "நல்லா இருக்கியா, ஏளா?" என்றான், தங்கையிடம்.

பகவதி தலையை மட்டும் ஆட்டினாள்.

சாமானைச் சுங்கத்தில் காட்டி எடுத்துவர ராஜதுரை நின்றுகொண்டான். அண்ணனும் தங்கையும் பின்னால் ஏறினார்கள். விக்டர் வண்டியை எடுத்தார். பூவெல்லாம் தன்னை வரவேற்கத்தான் என்று நினைத்து மந்திரமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தான். உப்புக் குவியல்கள் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக ஓடின.

அப்போது செபமாலை ஆடி, கண்ணாடியில் டக்கென்று ஒரு தட்டுத் தட்டியது.

மந்திரமூர்த்தி படத்தைப் பார்த்தான். மாலையைப் பார்த்தான்.

"ஏளா பகவதி, கிறிஸ்துவ வேதத்துல சேந்துட்டியளா?"

பகவதி வாய் திறக்குமுன் அவனே, "ஓகோ, டிரைவர் வேதக்காரரு போல. அவரு மாட்டுனதா?" என்றான்.

"ஆமாய்யா" என்றார் முன்னாலிருந்து விக்டர் பர்னாந்து.

ஜில்லா கலெக்டரே கூப்பிட்டாலும் அந்த மனுசன் ஐயா என்று சொல்லமாட்டார். தன் தோணி ஆள் ஒருவன் தன்னை டிரைவர் என்று நினைத்தால் கடலில் இறக்கிவிடுவார். அவர்தான் சொன்னார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை வெளுத்துப்போயிருந்தது.

ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். இன்னும் இரண்டு தெருதான் வீடு. அண்ணன் வாசலில் கால் வைத்துவிடுவான். பகவதி அந்த வெளுத்த கையையே பார்த்தாள்.

"இல்ல அண்ணே" என்றாள். "இவுக டிரைவர் இல்ல. விக்டர் பர்னாந்து அண்ணாச்சி. பிளசர் அவுகளுது. காலையில நாங்க வித்துட்டோம். நாளைக்கு அவுக மகளுக்குக் கலியாணம். உன்னக் கூட்டிட்டு வரணும்னு நான் போய்க் கேட்டேன். வந்தாவ."

மந்திரமூர்த்தி கதவுப் பிடியில் கை வைத்தான்.

"நிப்பாட்டுங்க" என்றான்.

வண்டி நின்றது. இறங்கினான். பிளசரை ஒரு சுற்றுச் சுற்றினான். விலைக்கு வாங்க வந்த ஆள் பார்ப்பதுபோல விளக்கைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான். பகவதி உள்ளேயே இருந்தாள். துறைமுகம் பின்னால், வீடு முன்னால். அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது தெரியாமல் அவள் சேலை முனையைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கிவிட்டாள்.

அவன் விக்டரின் ஜன்னலில் குனிந்தான்.

"அண்ணாச்சி, உங்கள டிரைவர்னு நெனச்சுட்டேன்."

"நெனைக்கட்டும்னுதான் ஆமான்னு சொன்னேன்."

"கலியாணத்த நாளைக்கு வச்சுக்கிட்டு இங்கன வந்து நிக்கியள."

"தங்கச்சி கேட்டுச்சு."

தூரத்தில் ஒரு நாய் குரைத்து, அலுத்து, நிறுத்தியது.

"நீங்க போங்க அண்ணாச்சி. கலியாண வண்டி கலியாண வீட்டுல நிக்கட்டும்" என்றான். பின்கதவைத் திறந்தான். "எறங்குளா."

"அண்ணே, திரும்பிப் போறியா?"

"தோணி காலையிலதான் எடுப்பான். அதுவர கடக்கரையில நின்னு கொசுவுக்குச் சோறு போடவா?" அவள் கையைப் பிடித்து இறக்கினான். "நான் குடுத்த வண்டியிலதான் வருவேன்னு சொன்னேன். நான் குடுத்த வண்டி இப்ப உங்ககிட்ட இல்ல. இல்லாத வண்டிக்கு எவன் கோவிச்சுக்கிட்டு நிப்பான்? நட."

விக்டர் வண்டியைத் திருப்பினார். கூட்டத்தை விலக்க ஒலிப்பதுபோல ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினார். கொற்கைப் பாண்டியன் அன்றைக்கு எழுந்தே உட்கார்ந்திருப்பான்.

காசிலிங்கம் வாசலில் நின்றார். தெருவில் இருவரும் நடந்து வருவதைப் பார்த்ததும் அவர் உடம்பு விறைத்தது. பிளசர் கிடைக்கவில்லை, மச்சான் வாசல்வரை வந்து பழையபடி ஏதாவது சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறான் என்று நினைத்தார்.

மந்திரமூர்த்தி நாலடி தள்ளி நின்றான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு பேருக்கும் நரைத்திருந்தது. மீசை மட்டும் அப்படியே விறைத்து நின்றது.

"வண்டி கெடைக்கலியா?" என்றார் காசிலிங்கம். சொல்ல நினைத்தது அது இல்லை.

"கெடைச்சுது. வேண்டாம்னு எறங்கிட்டேன்."

அந்த வீட்டு வெளிக்கதவில் ஆள் நுழைய ஒரு சின்னத் திட்டிவாசல் உண்டு. பெரிய கதவு இரண்டும் பிளசருக்கு மட்டும்தான் திறக்கும். காசிலிங்கம் உள்ளே போனார். கட்டையை எடுக்கும் சத்தம் கேட்டது. நடந்து வந்த மனுசனுக்காகப் பெரிய கதவு இரண்டையும் அகலத் தள்ளித் திறந்து, ஓரமாக நின்றார்.

"வாங்க மச்சான்."

மந்திரமூர்த்தி கால் எடுத்து வைத்தான். முதலில் வலது கால். பகவதி அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். சந்தனமாரி சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்து, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் அம்மாவுக்குக் கொடுத்தாள்.

தெருவில் மாட்டுச் சலங்கை கேட்டது. மாமாவின் சாமான் வருகிறது.

முன் வண்டியில் ராஜதுரை உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் டிரங்குப் பெட்டிகள், மெத்தை, ஆட்டுக்கல். அதற்குப் பின்னால் இன்னொரு வண்டி. அதில் தராசு, படிக்கல், பீரோ. விருந்துக்கு வருகிறவன் ஆட்டுக்கல்லைக் கடல் தாண்டிக் கொண்டு வருவானா என்று ராஜதுரை வழியெல்லாம் யோசித்திருக்க வேண்டும். அவன் கண் அப்பாவின் கண்ணைச் சந்திக்கவே இல்லை.

திறந்த கதவு வழியாக இரண்டு வண்டிகளும் யாரையும் கேட்காமல் உள்ளே வந்தன. மந்திரமூர்த்தி சாக்கில் சுற்றிய ஒரு நீளப் பலகையைத் தானே இறக்கினான். சாக்கு நழுவியது. "மந்திரமூர்த்தி அன் கோ, கொழும்பு" என்று அரையடி எழுத்தில் இருந்தது. ஆணி பிடுங்கிய ஓட்டை நாலு மூலையிலும் புதிதாகத் தெரிந்தது.

பகவதி சொம்பைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, கடை?"

அவன் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான். பார்வை கொட்டகையில் போய் நின்றது.

"பிளசர் நின்ன எடம் காலியாத்தான கெடக்கு, மச்சான்?" என்றான்.